அளவுக் கவுன்

என்னைக் குண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் பார்த்தால் சிரிப்பீர்கள். தோள் எலும்பில் சட்டையை மாட்டித் தொங்கவிடலாம், கன்னம் உள்ளே போய்ப் பல் முன்னால் வந்துவிட்டது, ஆனாலும் குண்டுதான். பத்து வயதில் அக்கா வைத்த பெயர். வைத்தவளே எடுத்தால்தான் போகும். அவள் எடுக்கவில்லை.

அக்காவுக்குத் தையல்கடை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. தைக்கிற மிஷின் ஒன்று, ஓரம் அடிக்க ஓவர்லாக் ஒன்று, கட்டிங் டேபிள், ஆளுயரக் கண்ணாடி, போட்டுப் பார்க்க ஒரு மூலையில் திரை. வெட்டுவதும் தைப்பதும் அக்கா. காஜா, பட்டன், ஹெம்மிங், இஸ்திரி எல்லாம் நான். மிஷினில் மட்டும் உட்காரவிட மாட்டாள். "உன் கை நடுங்குதுடி. தையல் கோணல்மாணலா போகும்" என்பாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்கிறவள் கை நடுங்காமல் வேறென்ன செய்யும்? அதை அப்போது யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

எங்கள் குடும்பத்தில் அக்கா போட்ட சட்டம் ஒன்று உண்டு. இறுகிப்போன துணியைப் பிரித்து விடுவது வாடிக்கையாளருக்கு மட்டும். நமக்குக் கிடையாது. "காசு குடுக்கிறவங்களுக்குத் துணியைப் பெருசாக்கலாம். நம்ம வீட்டுப் பொம்பளைங்க உடம்பைத்தான் சின்னதாக்கணும்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம், வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அந்தச் சட்டத்துக்குக் காவல் அளவுக் கவுன். நீல சாட்டினில் அக்கா தைத்தது, முதுகில் ஜிப். என் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒன்று, என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவளுக்கு ஒன்று. வெளியே போட்டுக்கொள்ள அல்ல. கடையில் அக்காவின் பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள், பூட்டுக்குள் தொங்கும். மாதத்தின் முதல் தேதி சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்களுக்குப் போட்டுப் பார்ப்பாள். திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். அக்கா ஜிப்பைப் பிடித்து இழுப்பாள். ஏறினால் "ம்" என்பாள். ஏறாவிட்டால் விலாப்புறத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி, "இது என்ன?" என்பாள்.

என் கவுனில் விலாப்புறம் எப்போதும் தடிப்பாகத்தான் இருக்கும். "தையல் உறுத்துதுக்கா, துணி மொத்தமா இருக்கு" என்று ஒருமுறை சொன்னேன். "துணி இல்லடி அது, உன் சதை" என்றாள். நம்பினேன். என் சதைக்கும் சாட்டினுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன் என்றால் பாருங்களேன்.

சரி, மற்ற துணியெல்லாம் தொளதொளவென்று ஆகிறதே, அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது. "அதெல்லாம் துவைச்சுத் துவைச்சுத் தளர்ந்த துணி. அளவுக் கவுன்ல தண்ணியே படல. அதுதான் நிஜம்." எடை பார்க்கும் மிஷின்? "கடைக்குக் கடை ஒண்ணொண்ணு காட்டும். அதுல ஏறி நின்னு காசைக் கரியாக்காதே." எல்லா ஓட்டையையும் அடைத்து வைத்திருந்தாள்.

அளவு பார்த்து முடித்த கையோடு அக்கா டீ போடுவாள். பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள். வெண்ணெய் பிஸ்கட். ஒவ்வொன்றாய் எடுத்து டீயில் தோய்த்து, அது ஒடிந்து விழுவதற்குள் வாயில் போட்டு, விரலை நக்கிக்கொள்வாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து வெறும் வெந்நீர் குடித்துக்கொண்டு அந்த வாயையே பார்ப்போம். அக்கா பருத்த உடம்பு. அவளுக்கு அளவுக் கவுன் கிடையாது. "தைக்கிறவளுக்கு எதுக்கு?" என்பாள். ஜிப் ஏறிய மாதம் ஆளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டுவாள். "இருக்கட்டும்க்கா, அப்புறம் சாப்பிடறேன்" என்று நான் டப்பா மூடியில் வைத்துவிடுவேன். என்னைப் பார்த்து என் மகளும் அப்படியே வைப்பாள். அக்காவுக்கு அப்போதுதான் முகம் மலரும்.

என் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்காரர். வருஷத்தில் ஒருதரம் வருவார், என்னைப் பார்த்து "என்ன, காத்து அடிச்சா பறந்துடுவே போலிருக்கே" என்பார், போய்விடுவார். அவருக்குக் கவுனைப் பற்றித் தெரியாது. பொம்பளைகள் விஷயம் என்று நாங்களும் சொன்னதில்லை.

இத்தனை வருஷம் நான் எதை எதையோ தின்று பார்த்தேன். முட்டைக்கோஸை அவித்துத் தின்று வீடெல்லாம் நாறியது. முட்டையில் வெள்ளையைத் தின்று மஞ்சளைப் பூனைக்குப் போட்டேன், அந்தப் பூனை குட்டி போட்டுக் கொழுத்தது. எலுமிச்சைச் சாற்றைக் குடித்துக் குடித்துப் பல் கூசிப்போனது. தட்டில் எதைப் போட்டாலும் பாதியைப் பிய்த்து ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் முதல் வாய் வைப்பேன். கையே தானாகச் செய்யும். எனக்கு நடந்தது எனக்கு நடந்தது, போகட்டும். மகளுக்கும் நடந்ததைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்த வருஷம் அவள் கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். மாதவிலக்கு நின்று போயிருந்தது, என்னிடம் சொல்லவில்லை. சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி. டாக்டரம்மா அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தார். "இதயத் துடிப்பு எப்படி இறங்கியிருக்கு தெரியுமா? இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா கொண்டாந்து சேர்த்துடுங்க, மூக்குல குழாய் போட்டுத்தான் சாப்பாடு. அதுக்கும் லேட்டா வந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல." அவருடைய பார்வை என் மணிக்கட்டில் நின்றது. "நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வீட்டில் மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு, முட்டை, வாழைப்பழம், ரொட்டி என்று எதை நீட்டினாலும் தலையை ஆட்டினாள். கெஞ்சினேன். அழுதேன். கடைசியில் ஒரு பேரம் பேசினாள்.

"போன மாசம் பாதிதாம்மா ஏறிச்சு. அதுக்கு முந்தின மாசமும் பாதி. இந்த ஒண்ணாம் தேதி முழுசா ஏறட்டும். ஏறிடுச்சுன்னா சத்தியமா நீ குடுக்கிறதெல்லாம் சாப்பிடறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்னை விட்டுடு."

ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் அந்த இரண்டு கிலோ போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஜிப் ஏற வேண்டும். எப்படியாவது ஏற வேண்டும். வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டுக் கழுத்தில் தொட்டில் மாதிரி மாட்டிவிட்டார்கள். கடைச்சாவி, பீரோசாவி இரண்டும் என் கைக்கு வந்தன. "ஒண்ணாம் தேதி கவுனை வீட்டுக்கு எடுத்துட்டு வா. இடது கையால இழுத்துப் பார்த்துக்கறேன்" என்றாள் படுத்த இடத்திலிருந்தே. கை ஒடிந்தவளுக்கு அந்த நினைப்பு!

மறுநாள் மத்தியானம், ஷட்டரை இறக்கிவிட்டு, மகளின் கவுனைக் கட்டிங் டேபிளில் விரித்தேன். நான் செய்ய நினைத்தது திருட்டுத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். விலாத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுத் தைத்துவிட்டால் ஜிப் ஏறிவிடும், மகள் சாப்பிடுவாள், கதை முடிந்தது. சட்டத்தை மீறுகிறோமே என்று ஷட்டரை இன்னொருதரம் பார்த்துக்கொண்டேன். உள்பக்க லைனிங்கைத் தூக்கினேன். பிளேடால் தையலை அறுத்தேன்.

உள்ளே துணி மடிப்பு மடிப்பாக இருந்தது. தையல்காரிகள் துணியை வெட்டி எறிய மாட்டார்கள், நாளைக்கு உதவும் என்று உள்ளேயே மடித்து விடுவார்கள். சரிதான், விடத் தாராளமாகத் துணி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு மடிப்பை நீவினேன். அப்போதுதான் பார்த்தேன்.

சாட்டினில் ஊசி போன ஓட்டை மூடாது. எத்தனை இஸ்திரி போட்டாலும் மூடாது, இது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் பிரித்த தையலுக்கு வெளியே, ஒரு விரல் தள்ளி, மேலிருந்து கீழ்வரை புள்ளி புள்ளியாக ஒரு வரிசை. அதற்கு வெளியே இன்னொன்று. அதற்கும் வெளியே இன்னொன்று. சில ஓட்டையில் பழைய நூலின் துணுக்கு ஒட்டியிருந்தது. ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு. பாபினில் எந்த நூல் கிடக்கிறதோ அதிலேயே தைத்திருக்கிறாள், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று.

முதலில் எனக்குப் புரியவில்லை. முட்டாள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் கவுனை இறக்கினேன். அதைப் பிரிக்கப் பிளேடு கூட வேண்டியிருக்கவில்லை, வெறியில் கிழித்தே விட்டேன். என்னதில் வரிசைகளை எண்ண ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். விலாவில் என் சதை என்று நான் கிள்ளுப்பட்டது அத்தனையும் துணி. உள்ளங்கை அகலத்துக்குத் துணி. என் கல்யாணத்துக்கு முன்னால் தைத்த முதல் தையலில் நான் இன்றைக்கு இரண்டு பேராக நுழையலாம்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பார்த்து, சத்தியமாகச் சொல்கிறேன், அக்காவைக் கொன்று போட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஒருதரம் அல்ல, ஒவ்வொரு தையலுக்கும் ஒருதரம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். மேஜையில் சூப்பும் வறுத்த உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி செய்து கொடுத்தது. "நல்லவேளை வந்தே. இடது கையால எடுத்தா மேலெல்லாம் கொட்டுது. ஊட்டிவிடு" என்றாள்.

ஊட்டினேன். ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். வாயைத் துடைத்தும் விட்டேன். பிறகு கேட்டேன்.

"கவுனை ஏன்க்கா உள்ளே பிடிச்சுத் தைச்சே?"

வாய் மெல்லுவதை நிறுத்தவில்லை. "எந்தக் கவுனை?"

"பிரிச்சுப் பார்த்துட்டேன். என்னது, அவளது, ரெண்டையும்."

அக்கா முழுங்கினாள். பயப்படுவாள், மழுப்புவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். எரிச்சல்தான் பட்டாள். "பிரிச்சியா? யாரைக் கேட்டுப் பிரிச்சே? நம்ம வீட்டுல பிரிக்கிற வழக்கம் உண்டா?"

"என் தலையில இத்தனை வருஷம் மிளகாய் அரைச்சிருக்கே. வழக்கமா பேசறே வழக்கம்!"

"சும்மா குதிக்காதேடி. ஆமா, பிடிச்சேன். ஜிப் ஏறின மறுநாளே கொஞ்சம் பிடிப்பேன். இல்லேன்னா நீ ஏறிடுச்சேன்னு அன்னிக்கே அள்ளித் தின்னுருப்பே. உன்னை எனக்குத் தெரியாது? கடைக்கு வர்றவங்க எல்லாம் என்ன கேக்கறாங்க? 'உங்க தங்கச்சி மாதிரி தெரியணும், அப்படித் தைங்க'ன்னுதானே கேக்கறாங்க? உன் உடம்பு நான் தைச்சது. நன்றி இல்லேன்னாலும் பரவாயில்ல, கத்தாதே."

"சரி, நான் ஒழிஞ்சுபோறேன். அந்தப் பொண்ணு என்ன பண்ணினா? டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு உனக்குச் சொன்னேன்ல? இதயம் நின்னுடும்னு சொன்னாங்கக்கா. நீ உச்சுக் கொட்டினே. அதுக்கப்புறமும், ஜிப் ஏறாத மாசத்துலகூட, பிடிச்சிருக்கே!"

கடைசித் தையலின் நூலை நான் பார்த்திருந்தேன். இஸ்திரிச் சூடு படாத புது நூல். மகள் மயங்கி விழுந்ததற்குப் பிறகு நான் கடைக்கு வாங்கிவந்த நூல்கண்டு.

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "மாசத்துல ஒருநாள் நீங்க ரெண்டு பேரும் வந்து என் முன்னாடி மூச்சைப் பிடிச்சுட்டு நிப்பீங்க. நான் என்ன சொல்லப்போறேனோன்னு என் முகத்தையே பார்ப்பீங்க. மத்த நாள்ல என் முகத்தை யாருடி பார்க்கறா? டேப்பைத்தான் பார்க்கறாங்க."

எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என்மேலேயே கோபம் வந்தது. "அதுக்கு என் பொண்ணு சாகணுமா?"

"சாக மாட்டா. போய் அவகிட்டச் சொல்லிக்கோ, பெரியம்மா ஏமாத்திட்டான்னு. நம்புவாளா பாரு. நம்பினாலும் சாப்பிடுவாளா பாரு." உருளைக்கிழங்கைக் கண்ணால் காட்டினாள். "மிச்சத்தை ஊட்டு, ஆறுது."

தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். எட்டாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

வீட்டில் மகளை எழுப்பி உட்காரவைத்து, இரண்டு கவுனையும் அவள் மடியில் போட்டேன். வரிசைகளைக் காட்டினேன். எது முதல் தையல், எது அடுத்தது, எந்த நூல் எப்போது என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னேன். அவள் விரலால் ஓட்டைகளைத் தடவிக்கொண்டே கேட்டாள். அழவில்லை. வெளி ஓரத்தில் இருந்த முதல் வரிசைக்கு விரல் வந்ததும் நின்றது.

"அப்போ இந்த அளவுக்கு நான் எப்பவோ வந்துட்டேனா?"

"எப்பவோ."

"இதுக்கும் உள்ள வந்திருக்கேனா?" முகம் பளிச்சென்று ஆனது. "அப்போ நான் நிஜமாவே ஒல்லிதானாம்மா?"

அறைந்துவிடலாமா என்று கை துடித்தது. உயிர் போகிற நேரத்தில் என் பெண்ணுக்குச் சந்தோஷம்! ஆனால் அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம். மத்தியானம் கடையில், அக்காவைக் கொல்ல நினைத்ததற்கு ஒரு நொடி முன்னால், அது எனக்கும் வந்தது. இவ்வளவு ஒல்லியா நான் என்று. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

பேரம் முடிந்ததே, ஜிப் பொய் என்று ஆகிவிட்டதே என்று அடுப்படிக்கு ஓடினேன். சோறு, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு. அவளுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. எதிரில் வைத்து, "சாப்பிடு" என்றேன்.

அவள் தன் தட்டைப் பார்க்கவில்லை. என் தட்டைப் பார்த்தாள். "பாரு" என்றாள்.

பார்த்தேன். நான் பேசும்போதே என் கை சோற்றில் பாதியை ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. முட்டையைப் பிட்டு மஞ்சளைத் தனியாக எடுத்து வைத்திருந்தது.

"கவுன் பொய்யின்னு தெரிஞ்ச அப்புறமும் பாதிதான் திங்கறே. என்னை மட்டும் முழுசா திங்கச் சொல்றே. நீ ஒரு தட்டு முழுசா சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லம்மா. பொறந்ததுலேருந்து ஒருநாள் கூட."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அக்கா பிடித்த தையலையாவது பிளேடால் அறுக்க முடிந்தது.

ஓரத்தில் ஒதுக்கியதை நடுவில் இழுத்தேன். மஞ்சளை எடுத்து வாயில் போட்டேன். தொண்டையில் மண் மாதிரி நின்றது. தண்ணீரைக் குடித்து இறக்கினேன். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா ஜிப்பை இழுக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. பாதித் தட்டைத் தாண்டியதும் குமட்டிக்கொண்டு வந்தது. இனி ஒரு பருக்கை இறங்காது என்று வயிறு சத்தியம் செய்தது. அது பழைய பொய் என்று அப்போது எனக்கே தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. ஊதிப்போய்விடுவேன், நாளைக் காலையில் கதவில் நுழைய மாட்டேன் என்கிற மாதிரி பயம். சோற்றைப் பார்த்து அழுதுகொண்டே தின்றேன். உருளைக்கிழங்கு மட்டும் ருசித்தது. உப்பும் எண்ணெயுமாக அது என் நாக்கில் கரைந்தபோது, எத்தனை வருஷத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினேன் என்று வயிறு எரிந்தது.

தட்டு காலியானதும் அவளிடம் கவிழ்த்துக் காட்டினேன். அவள் தன் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, கடித்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு. மறுநாள் இரண்டு துண்டும் கொஞ்சம் சோறும். நான் ஒரு வாய் தின்றால் அவள் ஒரு வாய். நான் ஒதுக்கினால் அவளும் ஒதுக்குவாள். போலீஸ்காரி தோற்றாள் அவளிடம்.

கடையில் அந்த வாரம் நான் மிஷினில் உட்கார்ந்தேன். இரண்டு கவுனையும் முழுக்கப் பிரித்து, துண்டு துண்டாக இணைத்து, அக்காவுக்கு ஒரு கவுன் தைத்தேன். கட்டுப் போட்ட கை நுழைய அகலமான கை, முன்பக்கம் ஜிப். அளவுக்குக் கடையில் கிடந்த அவளுடைய வேறொரு நைட்டியை வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் நன்றாகவே பிடித்தேன். சுத்த வயிற்றெரிச்சலில் செய்தேன். நல்ல எண்ணம் எதுவும் இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழத்தைத் துளித் துளியாகக் கடித்துக்கொண்டு பார்த்தாள். என் கை கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் தையல் கோணவில்லை.

ஒன்றாம் தேதி சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். நான் டீ போட்டேன். பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கவுன் எங்கே?" என்றாள்.

"கொண்டாந்திருக்கேன். உனக்கு."

நீலத் துணியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது எதை வெட்டினேன் என்று. உதட்டைக் கடித்தாள். ஆனால் நைட்டி அழுக்காகி ஒரு வாரம், உடம்பு கசகசத்தது, இன்னொருத்தி மாட்டிவிட்டால்தான் உண்டு. கையை நீட்டினாள். எழுப்பி நிறுத்தி மாட்டிவிட்டு ஜிப்பை இழுத்தேன். வயிற்றில் நின்றது. இன்னும் இழுத்தேன். நின்றது.

விலாவைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளினேன். "இது என்ன?" என்றேன்.

அக்கா குனிந்து பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டுவாள் என்று நினைத்தேன். "படுத்தே கிடக்கேன்ல" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. "நடமாட்டமே இல்ல. அதான் போட்டிருக்கும்."

நம்பிவிட்டாள்! தைக்கிறவளே நம்பிவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். கட்டிலில் உட்கார்ந்தவள் இடது கையால் பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பெரியம்மா" என்றாள் மகள். "அம்மா வேணும்னே சின்னதா தைச்சிருக்கா. உங்க நைட்டியை வச்சு அளவெடுத்துட்டு ரெண்டு பக்கமும் பிடிச்சா. நான் பக்கத்துலதான் இருந்தேன். உங்க உடம்பு அப்படியேதான் இருக்கு. சாப்பிடுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொல்லிவிட்டாளே பாவி! அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு இடது கையை ஜிப் திறந்திருந்த வழியாக உள்ளே விட்டு, விலாத் தையலைத் தடவினாள். அவள் விரலுக்கா தெரியாது? உள்ளே மடித்து விட்ட துணியைப் பிடித்து, எவ்வளவு என்று நெருடிப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். அவள் கண்ணிலேயே தெரிந்தது.

நான் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். ஏன் நகர்த்தினேன் என்று தெரியவில்லை, நகர்த்தினேன்.

அக்காவின் கை தட்டு வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. திரும்பிப் போய்ப் போர்வையை இழுத்து வயிற்றின்மேல் போட்டுக்கொண்டது.

"இருக்கட்டும்" என்றாள். "அப்புறம் சாப்பிடறேன்."

மகள் எட்டி ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். டீயில் தோய்த்தாள். அவளுக்குப் பழக்கமில்லை, பாதி ஒடிந்து டம்ளருக்குள் விழுந்தது. மீதியைத் தின்றாள். டம்ளரைச் சாய்த்து, அடியில் கிடந்ததை விரலால் வழித்துத் தின்றாள். விரலை நக்கிக்கொண்டாள். அக்கா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கவா பெரியம்மா?" என்று கேட்டாள் மகள்.

அக்கா போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். மகள் இரண்டு எடுத்தாள், ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கித் தின்றேன்.